மூக்கனின் தமிழ் அட்டை

காசிமேட்டில் மீன் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். அது ஏமாறுகிற வழி. செவுளுக்குச் சாயம் பூசலாம், கண்ணுக்குப் பூச முடியாது. நான் மீனின் கண்ணைத்தான் பார்ப்பேன். இருபத்தெட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்க்கொண்டிருக்கிறேன். கெட்ட மீன் ஒன்றுகூட எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை என்று என் மனைவி செல்லக்கனி அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்வாள். என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னீர்கள் ஐயா, அதனால் இதிலிருந்து தொடங்குகிறேன். தப்பு எங்கே இருக்கிறதோ அங்கே என் கண் தானாகப் போய் நிற்கும். அதைத் தவிர எனக்கென்று வேறு திறமை கிடையாது.

பெயர் தவசிமுத்து. வயது ஐம்பத்தெட்டு. உடன்குடிப் பக்கத்திலிருந்து கொருக்குப்பேட்டைக்கு மளிகைக்கடை வைக்க வந்த குடும்பம். கடையை அண்ணன் எடுத்துக்கொண்டான். நான் ஒரு நாளிதழில் முப்பது வருஷம் மெய்ப்புத் திருத்துநராக இருந்தேன். அச்சுக்குப் போகும் முன் கடைசியாகப் படிக்கிற ஆள்.

எழுதிக்கொள்கிற தம்பி, ‘மெய்ப்பு’ என்பதில் நடுவில் ஒரு ‘ப்’ வரும். ஆமாம், புள்ளி வைத்தது. நன்றி.

நாளிதழில் எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் ‘புதுத்துறை’யில் சேர்ந்தேன். இணையத்தில் மட்டும் வருகிற செய்தி நிறுவனம். ராயபுரத்தில் கயிறும் நங்கூரமும் விற்கிற ஒரு கடைக்கு மேலே மூன்றாவது மாடி. எண்ணூரில் இரண்டு பேர் சேர்ந்து நண்டு ஓட்டிலிருந்து மருந்துப்பொருள் எடுக்கிறார்கள், திருவொற்றியூரில் ஒரு பெண் ஐஸ் உருகாத பெட்டி செய்திருக்கிறார், மாதவரத்தில் லாரிகளை ஒழுங்குபடுத்த ஒரு செயலி வந்திருக்கிறது என்று இந்தப் பக்கத்துத் தொழில்நுட்பச் செய்திகளைத் தமிழில் தருவோம். நல்ல நோக்கம்தான். நடத்துகிறவர் அபின். முப்பத்தைந்து வயது, நாகர்கோவில்காரர், பெங்களூரில் பெரிய வேலையை விட்டுவிட்டு வந்தவர். ஒரு வாசகர் எங்கள் பக்கத்திலிருந்த பிழைகளையெல்லாம் வட்டம் போட்டு எல்லாருக்கும் அனுப்பிய பிறகு, அந்த அவமானத்தில் என்னைத் தேடி எடுத்தார். பதினான்கு பேர் வேலை செய்தோம். என்னைத் தவிர எல்லாரும் என் பிள்ளைகள் வயது.

அவர்களில் ஒருத்தி மோகனப்ரியா. காசிமேட்டுப் பெண். அப்பா தாமோதரன், விசைப்படகு ஓட்டுகிறவர். அவர்கள் வீட்டில் முதன்முதலாகப் பொறியியல் படித்தவள் அவள்தான். விஷயம் பிடிப்பதில் கெட்டிக்காரி. ஒரு பட்டறைக்குள் அரைமணி நேரம் நின்றுவிட்டு வந்தால் அங்கே யார் யாரிடம் பேசுவதில்லை என்பது வரை சொல்லிவிடுவாள். ஆனால் எழுதத் தெரியாது. பேசுகிற மாதிரியே எழுதுவாள். ஒரு கட்டுரைக்கு நாற்பது திருத்தம் இருக்கும். இரண்டு வருஷம் அவள் பெயரில் வந்த தமிழ் என்னுடையது. நான் மட்டும் சொல்லவில்லை, அவளே சொல்லியிருக்கிறாள். அவளுக்கு ஒரு விருது கொடுத்தார்கள். மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, “எங்க தவசி சார் இல்லன்னா என் தமிழ் ஒரே கலீஜுங்க” என்றாள். கூட்டம் சிரித்தது. என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். அப்போதும் சிரித்தார்கள்.

போன அக்டோபரில் ஒரு சம்பவம் நடந்தது. சிறிய விஷயம்தான், ஆனால் சொல்லாமல் விட்டால் மற்றது புரியாது.

கல்லூரி மாணவர்கள் சிலர் ஒரு மிதவை செய்திருந்தார்கள். கடலில் நீரோட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மீனவர்களின் கைபேசிக்கு அது தகவல் அனுப்பும். அதைப் பற்றி எழுதிய மோகனப்ரியா, ‘வன்னித் தண்ணி வந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும்’ என்று எழுதியிருந்தாள். எனக்கு அப்படியொரு சொல் தெரியாது. அவள் எழுத்துப்பிழைகளோடு இரண்டு வருஷம் பழகிய கைக்கு அது ‘வெந்நீர்’ என்று பட்டது. திருத்தினேன். தலைப்பு இப்படி வந்தது: ‘கடலில் வெந்நீர் வந்தால் கைபேசி சொல்லும்.’

வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிற நீரோட்டத்தை அவர்கள் வன்னி என்கிறார்கள். காலை ஒன்பது மணிக்குக் கட்டுரை வந்தது. மதியத்துக்குள் காசிமேடு முழுக்கச் சிரித்தது. ‘கடல்ல இன்னா டீ போட்றீங்களா?’ என்று கீழே எழுதினார்கள். யாரோ அலைமேல் ஒரு டீ கிளாஸ் மிதக்கிற மாதிரிப் படம் செய்து போட்டார்கள்.

மாலையில் கூட்டம் கூட்டினார் அபின். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். “சார், தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே நீங்க ஒற்று, புள்ளி, ல-ள மட்டும் பாருங்க. மேட்டர்ல கை வைக்க வேண்டாம்” என்றார். பதின்மூன்று பேர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மோகனப்ரியா ஒரு டப்பாவில் நெத்திலி வறுவல் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். “என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே சார். பேஜாராவாதீங்க. எங்க நைனா படிச்சிட்டு சிரிச்சே செத்துட்டாரு. உங்கள ஒரு தபா பாக்கணும்னு சொன்னாரு” என்றாள்.

ஆறுதலாகத்தான் சொன்னாள். அதை நான் மறுக்கவில்லை. நெத்திலியும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஐயா, ஒருவரைக் கூட்டத்தில் அவமானப்படுத்துவது ஒன்று, மறுநாள் வந்து அதற்குத் தொட்டுக்கொள்ளக் கொடுப்பது இன்னொன்று. முதலாவதை மறந்துவிடலாம்.

அதன் பிறகு அவர் சொன்னபடியே நடந்தேன். ஒற்று, புள்ளி, ல-ள. ஒருநாள் ஒரு கட்டுரையில் எண்ணூரை விழுப்புரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருந்தான் ஒரு பையன். சந்திப்பிழை இல்லை. விட்டுவிட்டேன்.

ஜனவரியில் மூக்கன் வந்தது. படகின் அடியில் மீன் போட்டுவைக்கிற அறை இருக்கிறதே, ஐஸ் உருகி மீன் அழுகினால் அதில் விஷவாயு பிடித்துக்கொள்ளும். சுத்தம் செய்ய இறங்குகிறவன் விழுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு துறைமுகத்தில் நடப்பதுதான். ராயபுரத்து நசீர் என்கிற பொறியாளர் இதற்காக உள்ளங்கை அளவில் ஒரு கருவி செய்தார். கயிற்றில் கட்டி அறைக்குள் இறக்கிவிட்டுத் தூக்கிப் பார்த்தால், உள்ளே இருந்த வாயுவின் அளவு திரையில் எண்ணாகத் தெரியும். படகுக்காரர்கள் அதற்கு மூக்கன் என்று பெயர் வைத்தார்கள்.

மோகனப்ரியா எழுதிய கட்டுரையை மூன்று லட்சம் பேர் படித்தார்கள். முதலில் ஐம்பது கருவிகளைச் சோதனைக்காகக் காசிமேட்டுப் படகுகளுக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால் அந்த ஐம்பதில் நசீர் அலாரம் வைக்கவில்லை. எண் மட்டும்தான். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கருவியோடு ஒரு தமிழ் அட்டை கொடுக்க வேண்டும். அதை நாங்கள் செய்து தருவதாக அபின் ஒப்புக்கொண்டார்.

அட்டை பெரிதாக ஒன்றுமில்லை. எட்டு வரி. முக்கியமான வரி ஒன்றுதான். எந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் இறங்கலாம், எதற்கு மேலே போனால் இறங்கக் கூடாது, மூடியைத் திறந்துபோட்டு மின்விசிறி வைத்துக் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது. சரியான எண் பத்து. கட்டுரையில் பத்து என்றுதான் வந்திருந்தது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது மோகனப்ரியா என்னைக் கூப்பிட்டாள். “சார், என் சிஸ்டம்லயே உக்காந்து பாத்துடுங்க. நான் துன்னுட்டு வந்துர்றேன். மூணு மணிக்கு பிரஸ்ஸுக்குப் போவணும்” என்றாள். அவள் நாற்காலியிலேயே என்னை உட்காரவைத்தாள். பார்த்தேன். எட்டு வரியில் பதினொரு இடத்தில் ஒற்று விட்டிருந்தாள். போட்டேன். அவள் திரும்பி வந்ததும் ஒரு பிரதி எடுத்து நீட்டினேன். கை கழுவிய ஈரம் விரலில் இருந்தது. தாளின் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். படிக்கவில்லை.

“ஒருமுறை படித்துவிடும்மா” என்றேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

“நீங்க பாத்துட்டீங்கள்ல, அப்றம் இன்னா சார்?” என்றாள்.

வண்ணாரப்பேட்டையில் அச்சாகி, பிளாஸ்டிக் உறை போட்டு, அட்டைகள் நேராகத் திருவொற்றியூரில் நசீருடைய கொட்டகைக்குப் போயின. அங்கே வேலை செய்த பெண்கள் கருவிக்கு ஒன்றாகக் கட்டிவைத்தார்கள். மாதிரிக்கு ஒன்று எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. எடுத்துப் படித்தேன். ‘திரையில் 100-க்குக் கீழ் இருந்தால் இறங்கலாம்’ என்று இருந்தது.

வேறு யாரும் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். துறைமுகத்தில் ஒரு சின்ன விழா வைத்துக் கருவிகளைக் கொடுத்தபோது, மோகனப்ரியா ஒரு அட்டையைக் கையில் தூக்கிப் பிடித்து அப்பாவோடு படம் எடுத்துக்கொண்டாள். எண் அவள் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நசீர் பார்த்தார், அபின் பார்த்தார். எழுதியவரின் கண் எழுத்தைப் பார்க்காது, நினைப்பைத்தான் பார்க்கும். அவர்கள் மனசில் பத்து இருந்தது, அதனால் பத்து தெரிந்தது. உலகத்தில் மெய்ப்புத் திருத்துநர் என்று ஒருவன் தேவைப்படுவதே அதனால்தான். இதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன், யாரும் காதில் வாங்கியதில்லை.

நீங்கள் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எண் என்பது விஷயத்தில் சேர்ந்தது. என் வேலை ஒற்று, புள்ளி, ல-ள.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனபோது தாமோதரனை முதன்முதலாகப் பார்த்தேன். கறுத்து, அகன்ற மார்போடு, ஐம்பது வயது இருக்கும். வலையை ஒதுக்கிப்போட்டு எனக்கு இடம் செய்து கொடுத்தார். “எங்க பொண்ணு ஆபீஸ்ல கீற தவசி சார் நீதானே? வா நைனா. கடல்ல சுடுதண்ணி காய வெச்ச ஆளாச்சே நீ!” என்று முதுகில் தட்டினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். “கோச்சுக்காத சார், தமாசுக்கு சொன்னேன். பொண்ணு உன்னப் பத்தி எவ்ளோ பெருமையா பேசும் தெரிமா? அதுக்கு எய்த கத்துக் குடுத்ததே நீதான்னு சொல்லும்” என்றார். மணி என்கிற அவருடைய ஆள் எனக்கு டீ வாங்கி வந்தான். நாற்பது வயதுக்காரன், அதிகம் பேசாதவன். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, சூடு சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். அதற்கும் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அதற்கடுத்த ஞாயிறும் போனேன். மூன்றாவது ஞாயிறும் போனேன். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

அன்று படகு கரையில் கட்டியிருந்தது. நடுக்கடலில் எஞ்சின் பழுதாகி, வேறொரு படகு இழுத்துக்கொண்டு வந்து நான்கைந்து நாள் ஆகியிருந்தது. கோழித் தீவனத்துக்குப் போகிற கழிவுமீன் அறை முழுக்கக் கிடந்தது. எஞ்சினைச் சரிசெய்கிற வரை அதைத் தொட யாருக்கும் நேரமில்லை. கிட்டே போனாலே மூக்கைப் பிடிக்க வேண்டியிருந்தது. தாமோதரன் படகு ஓட்டுகிற அறையில் அட்டையை ஆணியில் மாட்டியிருந்தார். அதை எடுத்து வந்து, விரலை வைத்து எழுத்துக்கூட்டி எனக்குப் படித்துக்காட்டினார். மகள் எழுதியது என்பதால் அவருக்கு அது பெரிய விஷயம்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சார், ஒரு டவுட்டு. பொண்ணு வூட்ல பேசறப்ப பத்து, பத்துன்னு சொல்லிகினு இருந்த மாறி ஞாபகம். இதுல நூறுன்னு கீது. எது சார் கரீட்டு? அவளாண்ட கேட்டா, ‘அவ்ளோ பெருசா எய்தி வெச்சிகீறேன், அதக்கூட பாக்கலயா நைனா’ன்னு கத்தும். அதான் உன்னக் கேக்கறேன்.”

நான் அவரைப் பார்த்தேன். மணியும் பிரகாஷ் என்கிற இன்னொரு ஆளும் கொஞ்சம் தள்ளிக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் படகில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. நல்ல வெயில்.

“வாயால சொல்றதுல ஆயிரம் இருக்கும். அச்சில வந்ததுதான் சரி” என்றேன்.

“அதான பாத்தேன். படிச்சவன் சொன்னா சர்தான்” என்று சொல்லி அட்டையைத் திரும்ப ஆணியில் மாட்டினார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் பக்கத்துப் படகிலிருந்து நாலு சங்கரா மீன் வாங்கிப் பையில் போட்டார். கண்ணைப் பார்த்தேன், புது மீன். செல்லக்கனி அன்றைக்குப் புளி கொஞ்சம் தூக்கலாக விட்டுக் குழம்பு வைத்தாள்.

புதன்கிழமை காலை எஞ்சின் தயாராகிவிட்டது. அறையைச் சுத்தம் செய்ய முடிவு செய்திருக்கிறார்கள். நடந்ததைப் பிரகாஷ் பிறகு என்னிடம் விவரமாகச் சொன்னான். மூக்கனைக் கயிற்றில் கட்டி இறக்கித் தூக்கினார்கள். எண்பத்து நான்கு என்று காட்டியது. பிரகாஷுக்கு இறங்கப் பயம், நாற்றம் அப்படி. அதனால் தாமோதரன் அட்டையை எடுத்துவந்து எல்லாருக்கும் கேட்கும்படி படித்திருக்கிறார். “நூறுக்குக் கீய இருந்தா எறங்கலாம். எங்க பொண்ணு எய்தி கீது, அவ ஆபீஸ் சாரும் சொல்லிட்டாரு” என்றாராம். மணி இறங்கினான். மண்வெட்டியால் நாலு வாரு வாரியிருப்பான். அடியில் கிடந்ததைக் கிளறினால் வாயு இன்னும் ஏறும், அது அட்டையில் ஏழாவது வரியில் இருந்தது. அப்படியே முகம்குப்புறச் சேற்றில் விழுந்தான். தாமோதரன், “மணி, டேய் மணி” என்று கூப்பிட்டுக்கொண்டே இறங்கினார். ஏணியின் கடைசிப் படியைத் தாண்டவில்லை. பிரகாஷும் இறங்கப் போனான். பக்கத்துப் படகுக்காரர்கள் அவனைப் பிடித்துக் கட்டிப்போடுகிற மாதிரி நிறுத்திவைத்தார்கள். தீயணைப்பு வீரர்கள் வந்து இருவரையும் எடுத்தபோது உயிர் இல்லை.

மோகனப்ரியாவுக்குப் பதினொரு மணி சுமாருக்குத் தொலைபேசி வந்தது. எனக்கு எதிர் மேஜை. அவள் எழுந்து நின்றாள், பிறகு உட்கார்ந்தாள், பிறகு செருப்பு ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடினாள். மற்றொன்றை நான் எடுத்து அவள் மேஜைக்குக் கீழே வைத்தேன்.

அடக்கத்துக்கு எல்லாரும் போனோம். கருவிதான் பழுது என்று முதலில் பேச்சு. நசீரை நாலு பேர் அடிக்கப் போனார்கள். அவர் மூன்று நாள் சாப்பிடாமல் கொள்ளாமல் அந்தக் கருவியைச் சோதித்தார். சரியாக இருந்தது. எண்பத்து நான்கு என்று காட்டியிருந்தால் உள்ளே எண்பத்து நான்குதான். அப்புறம் ஏன் இறங்கினார்கள் என்று கேட்டபோது, பிரகாஷ் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான்.

மோகனப்ரியா அந்த அட்டையை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். அலுவலகத்தில் வேறு யாரிடமும் போகவில்லை. தலை வாரியிருக்கவில்லை. அட்டையை என் முன்னால் வைத்து அந்த எண்ணின்மேல் விரலை வைத்தாள். அப்பாவும் இப்படித்தான் விரலை வைத்துப் படித்தார்.

“சார், இத நானா போட்டேன்?”

“உன் சிஸ்டத்துலதான் இருந்துச்சு” என்றேன்.

அது பொய் இல்லை. நான் பொய் சொல்கிறவன் இல்லை. அவள் வெகுநேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து அடித்ததாகத்தான் ஞாபகம் இருக்கிறது என்று முணுமுணுத்தாள். பிறகு, தூக்கம் இல்லாமல் வேலை பார்த்ததாகச் சொன்னாள். பிறகு, விரல் தவறி இருமுறை பட்டிருக்கும் என்றாள். அரைமணி நேரத்தில் அவளே தன்னைச் சம்மதிக்கவைத்துவிட்டாள். போகும்போது, “உங்க பேரு இதுல வராம நான் பாத்துக்கறேன் சார். ஒத்து பாக்கத்தான உங்களுக்கு சொல்லியிருந்தோம்” என்றாள்.

அவள் அம்மா குணசுந்தரி மகளை வீட்டுக்குள் சேர்க்கவில்லை என்று கேள்விப்பட்டேன். “உன் கையால எய்தி உன் அப்பனக் கொன்னுட்டியேடீ” என்று தெருவில் நின்று மார்பில் அடித்துக்கொண்டாராம். மணியின் வீட்டார் கல்லெறிந்தார்கள். இப்போது அவள் புளியந்தோப்பில் ஒரு தோழியோடு இருக்கிறாள். ஒருநாள் போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு காற்றில் விரலால் ஒரே எண்ணை எழுதிக்கொண்டிருந்தாள். நான் வந்ததைப் பார்த்துக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அரைமணி இருந்துவிட்டு வந்தேன். மறுவாரமும் போனேன். ஏன் போனேன் என்றால், போகாமல் இருக்க முடியவில்லை. நல்ல அச்சுப் பிரதியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்போமே, அந்த மாதிரி.

புதுத்துறையை அபின் மூடிவிட்டார். நசீர் மீதும் மோகனப்ரியா மீதும் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக நீங்கள் வழக்குப் போட்டிருக்கிறீர்கள். எல்லாம் எனக்குத் தெரியும். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் ஷேர் ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்கு வந்தேன்.

வந்த காரணம் இந்தத் தாள். மீன்வளத்துறை அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கை, போன திங்கட்கிழமை இணையத்தில் போட்டார்கள். பதினேழாம் பக்கம், மூன்றாவது பத்தி. சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறேன். படிக்கிறேன், கேளுங்கள்: ‘அட்டையைச் சரிபார்த்த மெய்ப்புத் திருத்துநர் வயது மூப்பின் காரணமாக இப்பிழையைக் கவனிக்கத் தவறினார். அவர் மீது நடவடிக்கை தேவையில்லை.’

பக்கத்து வீட்டுக்காரர் இதைக் கைபேசியில் காட்டி, தப்பித்தீர்கள் சார் என்று கைகொடுத்தார். செல்லக்கனி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். நான் இரண்டு நாள் தூங்கவில்லை.

மோகனப்ரியா 10 என்றுதான் அடித்திருந்தாள். அவள் சாப்பிடப் போன பிறகு, பதினொரு ஒற்றையும் போட்டு முடித்துவிட்டு, பத்துக்குப் பக்கத்தில் ஒரு சுழியத்தை நான் சேர்த்தேன். ஒரே ஒரு தட்டு. கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு வட்டம். அச்சானதும் யாராவது பார்த்துச் சிரிப்பார்கள், அவளைக் கூட்டத்தில் நிறுத்துவார்கள், அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை தாமோதரன் என்னிடம் கேட்டபோது அறை முழுக்க அழுகிய மீன் இருந்ததை நான் பார்த்தேன். எண்ணின் அர்த்தம் எனக்குத் தெரியும். யார் இறங்குவார்கள் என்றும் தெரியும். யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

அந்தப் பெண்ணின் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். கொலை என்று எழுதுவீர்களோ வேறு என்ன எழுதுவீர்களோ, அது உங்கள் விஷயம், அதில் நான் கை வைக்க மாட்டேன். இந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள் ஐயா. முப்பத்து நான்கு வருஷத்தில் நான் எந்தப் பிழையையும் கவனிக்கத் தவறியதில்லை.